வெயிட் ரூமும் சமூகவியலும்: கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் சேர்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆகஸ்ட் வந்தாலும் ஜனவரி வந்தாலும் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த இரண்டு பாடங்களைப் பற்றித்தான் இருக்கும். ஒன்று ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங், அதாவது எடை தூக்கி உடம்பைத் தயார் செய்யும் வகுப்பு. இன்னொன்று சமூகவியல் அறிமுகம். இரண்டையும் "சும்மா யூனிட் நிரப்ப எடுக்கிறது" என்றே நம் ஆட்கள் சொல்கிறார்கள். அப்படி நினைத்து எடுத்தவர்கள் எங்கே மாட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

என் மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போகிறாள். அவளுக்கு சமூகவியல் எதற்கு?

அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் என்றால் மேஜர், அதாவது முதன்மைப் பாடம் மட்டும் இல்லை. ஆங்கிலம், கணிதம், கலை, அறிவியல், சமூக அறிவியல் என்று பொதுப் பாடங்களையும் முடிக்க வேண்டும். கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு யூசி அல்லது கால் ஸ்டேட் (மாநிலத்தின் இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகள்) பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்களுக்காக, 2025 இலையுதிர் பருவத்திலிருந்து கால்-ஜெட்சி என்ற ஒரே பொதுப் பாடப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 4-வது பிரிவு சமூக, நடத்தை அறிவியல். இரண்டு வெவ்வேறு துறைகளிலிருந்து துறைக்கொரு பாடம், மொத்தம் 6 யூனிட் (யூனிட் என்பது பாடத்தின் அளவு, அதன் கணக்கைக் கீழே சொல்கிறேன்). அந்த இரண்டில் ஒன்றாகத்தான் பலரும் சமூகவியலை எடுக்கிறார்கள். இன்னொன்று பெரும்பாலும் உளவியலாகவோ பொருளாதாரமாகவோ இருக்கும். கிரேடு சி அல்லது அதற்கு மேல் வாங்கினால்தான் கணக்கில் வரும்.

வெயிட் டிரெய்னிங்கும் அந்தப் பட்டியலில் உண்டா?

இல்லை. முன்பு கால் ஸ்டேட் பட்டியலில் வாழ்நாள் கற்றல் என்று ஒரு தனிப் பிரிவு இருந்தது. உடற்பயிற்சி சார்ந்த சில பாடங்கள் அங்கே செல்லுபடியாயின. கால்-ஜெட்சி வந்ததும் அந்தப் பிரிவு போய்விட்டது. நாலைந்து வருடம் முன்னால் படித்த அண்ணனோ அக்காவோ "ஜிம் கிளாஸ் எடு, அதுவே பொதுப் பாடத்துக்கு ஆகிடும்" என்று சொன்னால், அவர்கள் காலத்துக்கு அது சரி. இப்போது அது வெறும் விருப்பப் பாடம்.

அதிலும் ஒரு வரம்பு இருக்கிறது. மாறுவதற்கு 60 செமஸ்டர் யூனிட் வேண்டும். அதில் உடற்பயிற்சி வகுப்புகளுக்கு யூசி அதிகபட்சம் 4 யூனிட்தான் எடுத்துக்கொள்ளும். செமஸ்டருக்கு ஒன்று என்று நான்கு எடுத்தால் அதோடு சரி.

சமூகவியலுக்கு 3 யூனிட், ஜிம்முக்கு 1 யூனிட். ஆனால் வாரத்துக்கு இரண்டுமே 3 மணி நேரம் போட்டிருக்கிறதே, அச்சுப் பிழையா?

பிழை இல்லை. கலிஃபோர்னியாவில் ஒரு யூனிட் என்பது ஒரு பருவத்துக்கு 48 முதல் 54 மணி நேர உழைப்பு. விரிவுரைப் பாடத்தில் வகுப்பில் 1 மணி நேரம் உட்கார்ந்தால் வெளியே 2 மணி நேரம் படிக்க வேண்டும் என்று கணக்கு. ஆக, சமூகவியலுக்கு வாரம் 3 மணி நேரம் வகுப்பு, 6 மணி நேரம் வீட்டில். ஜிம்முக்கு வீட்டு வேலை கிடையாது, உழைப்பு முழுக்க அங்கேயே முடிந்துவிடும். அதனால் வாரம் 3 மணி நேரத்துக்கு 1 யூனிட்.

மாட்டிக்கொள்கிற இடமும் இதுதான். ஜிம் வகுப்பில் உழைப்பு என்றாலே வருகைதான். பத்து வகுப்புக்குப் போகாமல் கடைசி வாரம் விடிய விடிய உட்கார்ந்து ஈடுகட்ட முடியாது. சமூகவியல் நேரெதிர். ஒரு நாள் விடாமல் வகுப்புக்குப் போய், புத்தகத்தைத் திறக்காமலே இருந்தவர்கள் மிட்டெர்ம் எனும் இடைத் தேர்வில் விழுகிறார்கள்.

கட்டணம் எவ்வளவு?

மாநிலக் குடியிருப்பாளர் என்றால் யூனிட்டுக்கு 46 டாலர். இரண்டு பாடமும் சேர்த்து 184 டாலர். மருத்துவக் கட்டணம், பார்க்கிங் எல்லாம் தனி. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருகிறவர்கள் குடியிருப்பாளர் ஆக முடியாது. அவர்களுக்கு யூனிட்டுக்குப் பல நூறு டாலர் கூடும். ஒரு யூனிட் ஜிம் வகுப்புக்கு அவ்வளவு கொடுப்பதற்கு, நான்கைந்து மாதம் வெளியே ஜிம் மெம்பர்ஷிப் எடுத்துவிடலாமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. முழுநேர மாணவருக்கு வேண்டிய 12 யூனிட் ஆகவில்லை, ஒன்று குறைகிறது என்றால் அது வேறு கதை.

எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தினராக இருக்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. நீங்கள் தாராளமாகப் படிக்கலாம். கலிஃபோர்னியாவில் ஒரு வருடத்துக்கு மேல் வாழ்ந்து, இங்கேயே இருக்கும் எண்ணத்தைக் காட்டும் ஆவணங்கள் (டிரைவிங் லைசென்ஸ், மாநில வரிப் படிவம் போன்றவை) இருந்தால் குடியிருப்பாளர் கட்டணத்துக்கு விண்ணப்பிக்கலாம். இது தெரியாமலே முழுக் கட்டணம் கட்டியவர்கள் நிறைய.

எஃப்-1 மாணவன். சமூகவியலை ஆன்லைனில் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

எடுக்கலாம். ஆனால் முழுநேர மாணவருக்கான 12 யூனிட்டில், பருவத்துக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான், 3 யூனிட் வரை, கணக்கில் சேரும். அந்த ஒரு இடத்தைச் சமூகவியலுக்குக் கொடுத்துவிட்டால் வேறு எதையும் அப்படிச் சேர்க்க முடியாது. சில கல்லூரிகளில் உடற்பயிற்சி வகுப்பே ஆன்லைனில் இருக்கிறது. வீட்டில் செய்து பதிவு அனுப்ப வேண்டும். பதிவு செய்யும்போது அட்டவணையில் அந்தச் சின்ன எழுத்தைப் பாருங்கள்.

பிடித்துப்போய்விட்டது. அதே வெயிட் வகுப்பை மறுபடியும் எடுக்கலாமா?

2013-க்கு முன்னால் எடுக்க முடிந்தது. இப்போது தேர்ச்சி பெற்ற அதே வகுப்பை மீண்டும் எடுக்க முடியாது. அதனால்தான் கல்லூரிகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிலை பிரித்து வைத்திருக்கின்றன. ஒரே வகையைச் சேர்ந்த வகுப்புகளில் மொத்தம் நான்கு முறைதான்.

பையன் ஹைஸ்கூல் கடைசி வருடம். இப்போதே எடுக்க விடுவார்களா?

பள்ளியின் ஒப்புதலோடு, பருவத்துக்கு 11 யூனிட் வரை. பெரும்பாலான கல்லூரிகள் பள்ளி மாணவர்களிடம் யூனிட் கட்டணம் வாங்குவதில்லை. சமூகவியலுக்குத் தடை இல்லை. உடற்பயிற்சி வகுப்பில் மட்டும், பள்ளி மாணவர்கள் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. "இடம் காலியாக இருக்கிறது, ஆனாலும் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள்" என்று கோபப்படுவதற்கு முன்னால் இதை நினைவில் வையுங்கள்.

வெயிட் வகுப்பில் என்னதான் நடக்கும்? நான் ஜிம் பக்கமே போனதில்லை.

முதல் வாரம் பெரும்பாலும் படிவம், பாதுகாப்பு, அளவெடுத்தல். எத்தனை தண்டால், எவ்வளவு நேரம் பிளாங்க், குனிந்தால் கை எதுவரை போகிறது என்று குறித்துக்கொள்வார்கள். கடைசி வாரம் அதையே மறுபடியும் எடுத்து ஒப்பிடுவார்கள்.

அப்புறம் பார்பெல். வெறும் கம்பியே 45 பவுண்டு, கிட்டத்தட்ட 20 கிலோ. எல்லாத் தட்டும் பவுண்டில்தான் இருக்கும், கிலோவை மறந்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரு பெரிய தட்டு மாட்டினால் 135. அங்கே பேச்சே "ஒரு பிளேட், இரண்டு பிளேட்" என்றுதான் ஓடும். தட்டு வழுக்காமல் இருக்கக் கிளிப் மாட்டுவது, எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டுக்கான ரேக்கில் பாதுகாப்புக் கம்பியை இடுப்பு உயரத்துக்குக் கீழே வைப்பது, படுத்தபடி எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் தலைமாட்டில் ஒருவர் நிற்பது, இவை தெரியாமல் எடை ஏற்ற விட மாட்டார்கள்.

உங்கள் அதிகபட்ச எடை எவ்வளவு என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். புதியவர்களை நிஜமாகவே அந்த எடையைத் தூக்க வைப்பதில்லை. எப்லி சூத்திரம் என்று ஒன்று உண்டு. தூக்கிய எடையை, எத்தனை முறை தூக்கினீர்களோ அதை 30-ஆல் வகுத்து 1-ஐக் கூட்டி வரும் எண்ணால் பெருக்க வேண்டும். 100 பவுண்டை 6 முறை தூக்கினால் 100 × 1.2, அதாவது சுமார் 120 பவுண்டு உங்கள் உச்சம். பிறகு எல்லாத் திட்டமும் அந்த 120-ஐ வைத்துத்தான். பலம் கூட வேண்டுமென்றால் 85 சதவீதமோ அதற்கு மேலோ, 6 முறைக்குள், நடுவே 2 முதல் 5 நிமிடம் ஓய்வு. தசை பெருக்க 67 முதல் 85 சதவீதம், 6 முதல் 12 முறை. தாக்குப்பிடிக்கும் திறனுக்கு அதற்கும் குறைந்த எடை, 12-க்கு மேல், ஓய்வு அரை நிமிடத்துக்குள்.

இதெல்லாம் ஒரு பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். தேதி, எடை, முறை, ஓய்வு. பல ஆசிரியர்கள் அதற்கு மதிப்பெண்ணும் தருகிறார்கள். பார்க்கிங்கில் காரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மாதக் குறிப்பை ஒரே பேனாவில் எழுதினால் அவர்களுக்குத் தெரியாமல் போகாது.

ஊரில் தண்டால், பஸ்கி எடுத்துப் பழக்கம். அது போதாதா?

நல்ல அடித்தளம். ஆனால் 50 பஸ்கி எடுப்பது சுலபமாகிவிட்டால் 100 எடுக்கலாம், 200 எடுக்கலாம், ஒரு கட்டத்துக்கு மேல் அது மூச்சுக்கான பயிற்சிதான், பலத்துக்கானது இல்லை. உடம்பு பழகப் பழகச் சுமையைக் கூட்ட வேண்டும் என்பதுதான் இந்தப் பாடத்தின் மையக் கொள்கை. அதை மருத்துவ முறையாக்கியவர் தாமஸ் டிலோர்ம் என்ற ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட வீரர்கள் மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். அவர்களுக்கு லேசான எடையை நூறு முறை தூக்கச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டு, கனமான எடையைக் குறைந்த முறை தூக்கச் சொல்லி வாராவாரம் எடையைக் கூட்டினார். 1945-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று எல்லா ஜிம்மிலும் கேட்கும் "பத்து முறை, மூன்று செட்" அந்த வழியில் வந்ததுதான்.

குத்தவைத்து உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு ஸ்குவாட்டில் ஒரு சாதகம் உண்டு. குதிகால் தரையை விட்டு எழாமல் முழுக்க இறங்குவது அமெரிக்க மாணவர்கள் பலருக்குப் பெரும்பாடு. நாற்காலியிலேயே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கும் அதே பாடுதான்.

எனக்கு 42 வயது, எச்-4. எடை தூக்கினால் உடம்பு முரடாகிவிடாதா?

வருடக்கணக்கில் அதற்கென்றே சாப்பிட்டு அதற்கென்றே உழைக்கிறவர்களுக்கே அது சுலபத்தில் வருவதில்லை. பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க அரசின் உடலியக்க வழிகாட்டியே சொல்கிறது. வயதைப் பற்றியும் கவலை வேண்டாம், கம்யூனிட்டி காலேஜ் ஜிம்மில் எல்லா வயதிலும் ஆள் இருப்பார்கள். ரத்த அழுத்தம், மூட்டுப் பிரச்சினை இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

சைவம். புரதத்துக்கு என்ன செய்வது?

தீவிரமாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை என்று விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள். 60 கிலோ என்றால் குறைந்தது 84 கிராம். வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப்பில் 14 கிராம் போல வரும், சுண்டலுக்கு மரியாதை கொடுங்கள். பனீர், கெட்டித் தயிர், டோஃபு எல்லாம் உதவும். முட்டை சாப்பிட்டால் ஒன்றுக்கு 6 கிராம். சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்பது உண்மைதான், எவ்வளவு இருக்கிறது என்று கரண்டியைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாம் நாள் படியிறங்க முடியவில்லை. விட்டுவிடவா?

பயிற்சிக்குப் பின் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் இந்த வலி உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். இரண்டாவது வாரத்திலேயே குறைந்துவிடும். ஆனால் சிறுநீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் போனால், தசை வீங்கி அசைக்கவே முடியாமல் போனால், காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு முதல் நாளே வீராப்புக் காட்டுகிறவர்களுக்கு வருகிறது.

சரி, சமூகவியலுக்கு வருவோம். நாமெல்லாம் சமூகத்தில்தானே வாழ்கிறோம், இதில் படிக்க என்ன இருக்கிறது?

இந்த நினைப்போடு வருகிறவர்கள்தான் முதல் கட்டுரையில் சி வாங்குகிறார்கள்.

முதல் வாரம் அநேகமாக சி. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் வருவார். 1959-ல் அவர் வைத்த வாதம் எளிமையானது. தனி மனிதனின் கஷ்டம் வேறு, சமூகத்தின் பிரச்சினை வேறு, ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பார்க்கத் தெரிய வேண்டும். ஒரு ஊரில் ஒருவருக்கு வேலை இல்லை என்றால் அவருடைய திறமையைப் பார்க்கலாம், லட்சக்கணக்கானவர்களுக்கு இல்லை என்றால் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளிலிருந்தே ஓர் உதாரணம். எஞ்சினியரிங் முடித்து, சென்னையில் நாலு வருடம் வேலை பார்த்த பெண், கல்யாணமாகி எச்-4 விசாவில் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரத்துக்கு வருகிறாள். வேலை பார்க்க அனுமதி இல்லை. ஆறு மாதத்தில் சோர்ந்துபோகிறாள். "நீ யோகா பண்ணு, நாலு பேரோடு பழகு" என்று மாமியார் போனில் சொல்கிறார். அதே அடுக்குமாடிக் குடியிருப்பில் இன்னும் பல பெண்கள் அதே நிலையில் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்ததும் கேள்வி மாறுகிறது. 2015 மே மாதத்தில்தான் எச்-4 விசாக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி வந்தது, அதுவும் கணவர் அல்லது மனைவியின் கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் பெரும்பாலும் கிடைக்கும். அப்படியானால் அவளுடைய சோர்வில் எவ்வளவு அவளுடையது, எவ்வளவு விசா சட்டத்தினுடையது, எவ்வளவு "பெண்தான் கூட வர வேண்டும்" என்ற வழக்கத்தினுடையது? இப்படிப் பிரித்துப் பார்ப்பதுதான் அந்தப் பாடத்தில் நீங்கள் கற்கப்போவது.

அதற்குப் பிறகு இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட மார்க்ஸ், வெபர், டர்க்ஹைம் மூவரும் வருவார்கள். தற்கொலை என்ற மிகத் தனிப்பட்ட செயலை டர்க்ஹைம் 1897-ல் புள்ளிவிவரமாக அடுக்கி, சமூகப் பிணைப்போடு சேர்த்து விளக்கினார். கறுப்பின மக்களின் வாழ்க்கையை ஃபிலடெல்ஃபியாவில் வீடு வீடாகப் போய் ஆராய்ந்து 1899-ல் வெளியிட்ட டபிள்யூ. இ. பி. டு பாய்ஸை முன்பெல்லாம் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். இப்போது பல ஆசிரியர்கள் நின்று நிதானமாக நடத்துகிறார்கள், அது நல்லதுதான்.

வகுப்பில் சாதி வந்தால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களா?

பார்ப்பார்கள். ஏற்றத்தாழ்வு பற்றிய அத்தியாயத்தில், பிறப்பால் நிர்ணயமாகி மாற முடியாத அமைப்புக்கு உதாரணமாக இந்தியச் சாதி வரும். அறிமுகப் புத்தகத்தில் அதற்கு இடம் குறைவு, சில பத்திகளில் முடித்துவிடுவார்கள். "அதெல்லாம் கிராமத்தில்தான், இப்போது யார் பார்க்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு உட்காரும் நம் மாணவர்களை நிறையக் கேள்விப்படுகிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கால் ஸ்டேட் பல்கலைக்கழக அமைப்பு 2022 ஜனவரியில் தன் பாகுபாட்டுத் தடுப்புக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டமன்றம் அதே மாதிரி ஒரு மசோதாவை நிறைவேற்ற, ஆளுநர் நியூசம் அக்டோபரில் அதை நிராகரித்தார், இருக்கிற சட்டங்களே போதும் என்று காரணம் சொன்னார். விவாதம் இங்கேதான் நடக்கிறது, நீங்கள் படிக்கும் மாநிலத்தில்.

கட்டுரைக்குத் தலைப்புத் தேடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, 1916 மே மாதத்தில், ஒரு மானுடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகள் பற்றிய கட்டுரையை வாசித்தார். தன் சாதிக்குள்ளேயே மணம் செய்யும் வழக்கம்தான் சாதியின் உயிர்நாடி என்பது அவர் வாதம். கட்டுரை சிறியது, இணையத்தில் இலவசம். நம் திருமண விளம்பரங்களை எடுத்து அதோடு வைத்துப் பாருங்கள், கட்டுரையில் பாதி முடிந்துவிடும்.

என் ஆங்கிலம் சுமார். கட்டுரைகளை எப்படிச் சமாளிப்பது?

மதிப்பெண் போவது ஆங்கிலத்தால் என்று நினைக்கிறீர்கள், பெரும்பாலும் பொதுப்படையாக எழுதுவதால் போகிறது. "இந்தியக் குடும்பங்களில் பெரியவர்களுக்கு மரியாதை அதிகம்" என்று எழுதினால் ஆசிரியர் ஓரத்தில் "யார் சொன்னது?" என்று கேட்பார். அதற்குப் பதிலாக, "எங்கள் வீட்டில் சாப்பாடு முதலில் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும், சமைத்த அம்மா கடைசியில் சாப்பிடுவார், இதை யாரும் விதியாகச் சொன்னதில்லை" என்று எழுதி, எழுதப்படாத அந்த விதியை ஒரு கோட்பாட்டோடு கட்டுங்கள். அதை மீறினால் என்ன நடக்கும் என்று ஒரு வரி சேருங்கள். வாக்கியம் எளிமையாக இருந்தால் போதும். ஏஐ கருவியைப் பயன்படுத்தலாமா என்பதை ஒவ்வொரு ஆசிரியரும் பாடத்திட்டத் தாளில் எழுதியிருப்பார், அதைப் படிக்காமல் தொடாதீர்கள்.

புத்தகம் வாங்க வேண்டுமா?

பல வகுப்புகளில் வேண்டாம். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிடும் அறிமுகப் புத்தகம் இணையத்தில் இலவசம்.

மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்குச் சமூகவியல் பயன்படுமா?

நேரடியாகவே. 2015-லிருந்து எம்கேட் என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் உளவியல், சமூகவியல் சார்ந்த பகுதி ஒன்று இருக்கிறது. 95 நிமிடத்தில் 59 கேள்விகள், அதில் சுமார் 30 சதவீதம் சமூகவியல்.

ஜிம் வகுப்பு முடித்தால் கோச் ஆகலாமா?

ஆக முடியாது, ஆனால் அந்த வழியின் வாசலைப் பார்க்கலாம். 1969-ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் பாய்ட் எப்லியை ஸ்ட்ரெங்த் கோச்சாக நியமித்தது, மேலே சொன்ன சூத்திரத்துக்குப் பெயர் தந்தவர் இவர்தான். 1978-ல் அவர் முன்னின்று ஆரம்பித்த ஸ்ட்ரெங்த் கோச்சுகளின் சங்கம்தான் என்எஸ்சிஏ. அவர்கள் தரும் சிஎஸ்சிஎஸ் சான்றிதழ்தான் கல்லூரி அணிகளில் வேலைக்கு முக்கியமாகக் கேட்கப்படுவது. அதற்கு இளநிலைப் பட்டமும், சிபிஆர் (இதயம் நின்றால் செய்யும் முதலுதவி) பயிற்சியும் வேண்டும். வருங்காலத்தில் அந்தத் துறைக்கென அங்கீகரிக்கப்பட்ட பட்டமே வேண்டும் என்று விதியை இறுக்கி வருகிறார்கள். ஆர்வம் இருந்தால் உடல் அசைவைப் படிக்கும் கைனீசியாலஜி மேஜரைப் பாருங்கள், உடற்கூறியலும் உடலியங்கியலும் அங்கே தவிர்க்க முடியாது.

இரண்டையும் ஒரே பருவத்தில் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஒன்றுக்கொன்று இடிக்காது. சொல்லப்போனால் வெயிட் ரூம் சமூகவியலுக்கு நல்ல களம். யார் எந்த மூலைக்குப் போகிறார்கள், பெண்கள் எந்த இயந்திரத்தோடு நின்றுகொள்கிறார்கள், "இன்னும் எத்தனை செட்?" என்று கேட்பதற்கு முன்னால் ஏன் எல்லோரும் ஒரு காது இயர்ஃபோனைக் கழற்றுகிறார்கள் என்று கவனித்தாலே ஒரு கள ஆய்வுக் கட்டுரை தேறும். மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1934-ல், நடப்பதும் உட்காருவதும்கூடச் சமூகம் கற்றுக்கொடுப்பதுதான் என்று ஓர் உரை நிகழ்த்தினார். முதல் உலகப் போர் முனையில் சேறும் தண்ணீருமான இடத்தில் ஆஸ்திரேலிய வீரர்கள் குத்தவைத்து உட்கார்ந்து ஓய்வெடுத்தார்களாம், அவர் மட்டும் அது முடியாமல் நின்றுகொண்டே இருந்தாராம்.

வகுப்பு நிரம்பிவிட்டது, காத்திருப்புப் பட்டியலில் 6-வது இடம். வேறு பாடம் பார்க்கவா?

வெயிட் வகுப்பு என்றால் பொறுங்கள். முதல் நாள் வராதவர்களை ஆசிரியர்கள் பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள், காலை 7 மணி வகுப்பில் அப்படி ஐந்தாறு இடம் விழும். ஷூ, துண்டு, தண்ணீர் பாட்டிலோடு நேரில் போய் நின்று சேர்க்கைக் குறியீடு கேளுங்கள். சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் கட்டணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதிக்குள் விலகிவிடுங்கள், பெரும்பாலும் இரண்டாவது வாரம் வரை. அதைத் தாண்டினால் மதிப்பெண் பட்டியலில், இடையில் விலகியதைக் குறிக்கும் டபிள்யூ விழும். எஃப்-1 மாணவர்கள் விலகும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அந்த ஒரு யூனிட் குறைந்து 11 ஆகிவிட்டால் விசா நிலைக்கே சிக்கல் வரும்.